மெத்தையில் விழுந்த பள்ளம்

போன கிழமை மகள் தொலைபேசியில் ஒரு சந்தோஷச் செய்தி சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சந்தோஷச் செய்திக்கும் பயப்படுகிற ஆள் நான், நீங்கள் பெரிதாக எடுக்கவேண்டாம். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ரண்டர்ஸ் நகரத்து நூலகத்தில் பழைய வீடியோ கசெட்டைக் கணினிக்கு மாற்றுகிற மெசின் வைத்திருக்கிறார்களாம்.

"ஞானம் மாமா குதிச்ச கசெட் உங்களிட்டத்தானே இருக்கு? எடுத்துக்கொண்டு வாங்கோ அப்பா."

அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். பழைய கசெட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்தது. எனக்கு அதோடு ஈரப் பஞ்சின் மணமும் சேர்ந்து வரும். ஞானம் அண்ணையின் படங்களில் மெத்தை போடுகிறவன் நான்தான்.

ஞானம் அண்ணை சண்டை நடிகர். இளவயதில் சென்னைக்குப் போய் இரண்டு வருடம் கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடிகளிலிருந்து விழுந்தவர். ஒரு படத்திலும் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். பிறகு நாட்டில் நிசச் சண்டை வந்து, அகதியாக டென்மார்க்குக்கு வந்து, பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். டெனிஷில் கடிதம் வந்தால் திறக்காமலே அவரிடம் கொண்டு ஓடுவேன். அவர்தான் வாசித்துச் சொல்லுவார். "பயப்பிடாதை, உன்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை. டொக்டருக்குப் பல்லுக் காட்ட வரச் சொல்லுறாங்கள்."

எங்கள் ஆட்கள் ஒற்றைக் கமராவை வைத்துக்கொண்டு இங்கேயே படம் எடுத்த காலம் அது. மூன்று படங்களில் அவர்தான் கதாநாயகன். கடைசியில் முகம் தெரிந்தது. கதை யாழ்ப்பாணத்தில் நடப்பதால் ஒக்டோபர் குளிரிலும் எல்லோரும் அரைக்கைச் சட்டை. வில்லனின் பல் கிடுகிடுத்ததைப் பார்த்து, பயத்தில் நடுங்குகிறான் என்று சனம் கைதட்டியது. வாயிலிருந்து புகை வந்தால் யாழ்ப்பாணம் போய்விடும் என்று, வசனத்துக்கு முன் ஆளுக்கொரு ஐஸ்கட்டியை வாயில் போடச் சொல்லுவார். பள்ளிக்கூட மண்டபத்தில் படம் முடிந்து வெளியே வந்த பெடியள் பனியில் உருண்டு உருண்டு அவரைப் போலவே சண்டை பிடித்தார்கள். அந்த மூன்று படங்களின் கசெட்டுகளும் வீடு வீடாகக் கைமாறிப் போய்த் தொலைந்தன. வீட்டுக்கு வீடு தமிழ்த் தொலைக்காட்சிக்குச் சட்டி அன்டெனா ஏறியபின் தேடுவாரும் இல்லை.

நாலாவது படத்துக்குத்தான் அந்தக் குதிப்பு. துறைமுகப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த களஞ்சியம், இரண்டு மாடி உயரம். டெனிஷ்காரர் குப்பைக்கு வைத்த மெத்தைகள் மூன்றை அடுக்கினேன். அமத்திப் பார்த்தேன். திரும்பவும் அமத்திப் பார்த்தேன்.

"தம்பி, சரியோ?"

"பொறுங்கோ அண்ணை, ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"நீ பாத்து முடிய எனக்குப் பென்சன் வந்திடும்!"

குதித்தார். கைகளை விரித்தபடி ஒரு பெரிய பறவை இறங்குவதுபோல வந்தார். நான் அத்தனை தரம் அமத்தியும் இடக்கால் ஓரத்தில்தான் விழுந்தது. வலியில் முகம் வெளிறி, நொண்டி எழுந்து, அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்தியளோ?" எடுத்திருந்தோம். ஆனால் இடுப்பு எலும்பு வெடித்துப்போனது. படம் அதோடு நின்றது. கமராக்காரன் கனடாவுக்குப் போகிறபோது கசெட்டை அண்ணையிடம் கொடுக்க, அவர் என்னிடம் தந்தார். "பயந்தவன்ர கையிலதான் சாமான் பத்திரமா இருக்கும்."

பயந்தவன் என்ன செய்தேன்? பெயர் எழுதினால் யாராவது இரவல் கேட்பார்கள் என்று பயந்து, பெயரே எழுதாமல் வெறும் கசெட்டுகளுக்குள் ஒளித்து வைத்தேன். மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீட்டுச் சடங்கு வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராத்தி எடுக்கப்போகிற நேரம் வீடியோக்காரர், "கசெட் முடிஞ்சுது" என்றார். ஞாயிறென்றால் இந்த நாட்டில் அப்போது ஒரு கடையும் திறக்காது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் எது அகப்பட்டதென்று தெரிந்தது. கசெட்டைத் திரும்பவும் ஒளித்து வைத்து, இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது அண்ணை முதியோர் இல்லத்தில், சக்கர நாற்காலியில் இருக்கிறார். கல்யாணம் கட்டாதவர், நானும் மகளும்தான் போய்ப் பார்ப்போம். கால் ஏன் இப்படியென்று கேட்கிற பராமரிப்புப் பெண்களிடம், தான் சினிமா நடிகன், கூரையிலிருந்து குதித்தவன் என்று சொல்லுகிறார். அவர்கள் அன்பாகச் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். கோப்பில் 'மனக்குழப்பம்' என்று எழுதியிருப்பதை மகள் பார்த்திருக்கிறாள். "அந்தக் கசெட்டைக் காட்டு, நம்புவினம்," என்று போகிற நேரமெல்லாம் என்னைக் கேட்பார். போடுகிற மெசின் இப்ப இல்லை அண்ணை என்று சொல்லித் தப்பிவந்தேன். இனி அந்தப் பொய்யும் இல்லை.

நூலகத்தில் மகளும் நானும் பார்த்தோம். தாவணியில் அவள், குத்துவிளக்கு, பலகாரத் தட்டுகள். "அப்பா, இது நானெல்லே," என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஆராத்தி முடிந்ததும் படம் ஒருதரம் துள்ளியது. களஞ்சியச் சுவர். மெத்தை. குதிப்பு முடிந்து அண்ணை எழுந்து போய்விட்டிருந்தார். மெத்தையின் ஓரத்தில் ஒரு பள்ளம். நான் ஓடிவந்து அதைத் தடவிப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்தில் மகள் அதை ஐபேட்டில் போட்டு அண்ணையின் மடியில் வைத்தாள். பராமரிப்புப் பெண்ணும் குனிந்து பார்த்தாள்.

"நான் எங்கையடா?"

"அழிஞ்சுபோச்சு அண்ணை. பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்கு நான்தான் எடுத்துக் குடுத்தனான். தெரியாமல்."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து, ரகசியம்போலக் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நான் குதிச்சனானோ?"

"குதிச்சனீங்கள் அண்ணை. மெத்தை போட்டவன் நானெல்லே." அதை டெனிஷிலும் எனக்குத் தெரிந்தமட்டில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் அன்பாகச் சிரித்து எனக்கும் தலையாட்டினாள்.

திரும்பி வருகிற வழியில் துறைமுகப் பக்கம் போய்ப் பார்த்தேன். களஞ்சியம் இல்லை, கண்ணாடி வைத்த மாடிவீடுகள் நிற்கின்றன. எவ்வளவு உயரமென்று காட்ட அந்தக் கூரைகூட மிச்சமில்லை. அந்தப் படத்துண்டை இப்போது நானும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். பள்ளம் மெல்ல மெல்ல மேலே வந்து, மெத்தை மட்டமாகிவிடுகிறது, யாருமே விழாத மெத்தையைப்போல.