அர்த்தநாரியின் வேகம்

போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் அக்கா மகன் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். பாட்டு என்றால் வாய்ப்பாட்டு இல்லை, கிளாரினெட். யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். 'அர்த்தநாரி, ஒரிஜினல் வாசிப்பு' என்று தலைப்பு, பக்கத்தில் தீ எரிகிற பொம்மை மூன்று. கீழே ஏகப்பட்ட பேர் உருகியிருந்தார்கள். அந்தக் காலத்து மூச்சு, அந்தக் காலத்து வேகம், இப்போது யாருக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பதில் எழுத ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன். அந்த வேகம் எந்தக் காலத்திலும் எந்த மனிதனுக்கும் தானாக வந்ததில்லை. அது திருச்செங்கோட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து எடுத்தது. இதை ஒரு வரியில் எப்படி எழுதுவது? உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் மல்லசமுத்திரம் பக்கம் கல்யாணம் என்றால் மைக்செட் செங்கோடன் வந்தாக வேண்டும். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் அதன் மேல் படிந்த தூசி சூடாகி ஒரு வாசனை வரும். அதோடு சாம்பார் கொதிக்கிற வாசனையும் சேர்ந்தால் அதுதான் எனக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்புறம். செங்கோடனிடம் சினிமா இசைத்தட்டுகள் எத்தனையோ இருந்தாலும் முகூர்த்த நேரத்துக்கு ஒன்றே ஒன்றுதான். கிளாரினெட் அர்த்தநாரி, நான் பிறப்பதற்கு முன்பே மெட்ராஸ் போய் வாசித்துக் கொடுத்துவிட்டு வந்த எல்.பி. தட்டு. அவரும் நம்மூர்க்காரர்தான். முதல் பாட்டு மாப்பிள்ளை வருவதற்கு, இரண்டாவது பெண் வருவதற்கு, மூன்றாவது ஆனந்தபைரவி தாலிக்கு, நாலாவது பந்திக்கு. யார் இப்படி வகுத்தார்கள் என்று கேட்காதீர்கள். நாலாவது பாட்டின் முதல் இழுப்பு கேட்டதும் முன்வரிசைப் பெரியவர்கள் துண்டை உதறி எழுந்துவிடுவார்கள். ஆசீர்வாதம் பாதி வாயில் நிற்கும். தட்டின் மறுபக்கத்தை யாரும் திருப்பிப் போட்டதே இல்லை. அதற்குள் பாதிப் பேர் கை கழுவிவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

அந்தத் தட்டுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடுகிற நேரத்தில் கரண்டு இறங்கிவிடும், தட்டு சுற்றுவது தளர்ந்துவிடும். ஆனந்தபைரவி எருமை முனகுவது போல வரும். ஒரு மாப்பிள்ளை வீட்டார் இதை அபசகுனம் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். செங்கோடன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரெகார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டு லேத்துப் பட்டறைக்குப் போனார். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு புஷ் என்கிற வளையம் கடைகிற பட்டறை அது. பூமிக்குள் முந்நூறு அடி இறங்குகிற சாமானுக்குப் பழகிய கை, பிளேயரின் மோட்டார் தண்டில் மாட்ட நகக்கண் அளவுக்கு ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்தது. தண்டு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும், கரண்டு இறங்கினாலும் சரியான வேகம் வர வேண்டும் என்பது திட்டம். கடைந்தவர் கொஞ்சம் தாராளமாகவே கடைந்துவிட்டார். கிணற்று மோட்டார்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தட்டு பறந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பந்தி சீக்கிரம் வந்ததல்லவா. ஒரே வருஷத்தில் சுற்றுப்பட்டு மைக்செட்டுக்காரர்கள் எல்லாரும் பட்டறையில் போய் 'செங்கோடன் புஷ்' என்று பேர் சொல்லிக் கேட்டு மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, அர்த்தநாரி இரண்டு கட்டை சுருதியில் நிதானமாக வாசித்தது எங்கள் சீமை முழுக்க மூன்று கட்டையில் ஓட்டமாகக் கேட்டது. இரண்டு கட்டை என்றால் ஆண் குரல் சாதாரணமாகப் பேசுகிற இடம். மூன்று கட்டை, அதே ஆள் தெருமுனை பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவம், அவர் போகிற இடமெல்லாம் அது நான் வாசித்ததில்லை என்று சொல்லிப் பார்த்தார். என்ன ஒரு அடக்கம் என்று ஜனங்கள் இன்னும் அதிகமாகக் கும்பிட்டார்கள். நேரில் வாசித்தாலோ, ரெகார்டில் இருக்கிற சுறுசுறுப்பு இல்லையே என்று கேட்டார்கள். நாளடைவில் அவரை விட்டுவிட்டு அவருடைய தட்டை மட்டும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எண்பதுகளில் இயற்பியல் பட்டத்தோடு சேலத்தில் ஒரு கேசட் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்பது முதலாளி வைத்த பெயர். அது சேலை குடோனின் பின்னறை. அவர் இளம்பிள்ளை ஊர்ச் சேலை வியாபாரக் குடும்பம். கேசட்டின் முதல் பக்கத்தை உடல் என்றும் இரண்டாம் பக்கத்தை முந்தி என்றும்தான் சொல்வார். நானோ உலகத்தைத் திருத்த வந்தவன். வட்டமாக வெட்டிய அட்டையில் கோடு போட்டு, சுற்றுகிற தட்டின் மேல் வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் செங்கோடனுக்குச் செய்து காட்டினேன். கோடுகள் நிற்கவில்லை, ஓடின. அவர் அட்டையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது காலேசு அட்டை. நம்மூரு கரண்டுக்கு இது நிக்குமா?"

அந்தச் சமயம் பழைய தட்டுகள் எல்லாம் தேய்ந்து மணல் கொட்டுவது போல ஆகியிருந்தன. அர்த்தநாரியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேசட் போடலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது. அர்த்தநாரி வந்தார். அறுபது தாண்டியிருந்தார், சட்டைப் பையில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளின் பெட்டி. உட்கார்ந்ததும் மேல் முன்பல்லை நாக்கால் அசைத்துக் காட்டினார். கிளாரினெட்டின் வாய் தாங்குவது அந்தப் பல்லில்தான்.

"இது உழுந்துட்டா ஊதறது அவ்வளவுதானுங்க. அதுக்குள்ள ஒருக்கா, நான் வாசிச்சது இன்னதுன்னு சனம் கேட்டுரோணும்."

அவர் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்: இரண்டு கட்டை, அவருடைய நிதானம். நான் குதித்து எழுந்து முதலாளிக்கு அரை மணி நேரம் சுழற்சி வேகம் பற்றி வகுப்பெடுத்தேன். நான் நிறுத்தினால் போதும் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

கம்பெனி இருந்த தெரு முழுக்கத் தறிச் சத்தம். அமாவாசை ஒரு நாள்தான் தறி ஓடாது. எங்கள் பதிவும் அன்றைக்குத்தான். சேலைக் கட்டுகளைச் சுவரோடு கூரை வரை அடுக்கினால் எதிரொலி இருக்காது. கஞ்சி வாசனை அடிக்கிற அந்த அறையில், பச்சையும் அரக்குமாக அடுக்கிய கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் ஆனந்தபைரவியைத் தொடங்கினார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு முறை மீட்டரைப் பார்த்தேன், நின்றுவிட்டாரோ என்று. நிற்கவில்லை. தட்டில் சரேலென்று கடந்துபோன இடங்களில் எல்லாம் உள்ளே நுணுக்கமாக ஒரு வளைவு இருந்தது. தட்டில் அது கொசு போலப் பறந்துவிட்டிருக்கிறது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன்: அட்டை வெட்டி நிரூபித்தவன் நான், ஆனால் என் காது 'கொஞ்சம் இழுக்கிறாரோ' என்றது.

பதிவான ஸ்பூல் நாடாவிலிருந்து ஒரே ஒரு கேசட் எடுத்து, அடுத்த முகூர்த்தத்தில் அதைச் செங்கோடனிடம் கொடுத்து வெள்ளோட்டம் விட்டோம். மல்லசமுத்திரம் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம். நானும் அர்த்தநாரியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை முதல் பாட்டு பாதியிலேயே வந்து சேர்ந்து, மீதிப் பாட்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். தாலி கட்டும்போது பெண் வருகிற பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்தபைரவி முழுக்க ஒரு கூட்டம் துண்டும் கையுமாக இலையைப் பார்த்துக்கொண்டே நின்றது. நாலாவது பாட்டு வராமல் உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை. பெண்ணின் மாமன் செங்கோடனிடம் வந்தார்.

"எழவூட்டு வாசிப்பாட்டமா இருக்குது, நிறுத்துங்க. அர்த்தநாரி தட்டு இல்லீங்களா?"

"இது அவுரு வாசிச்சதுதானுங்க."

"ஏமாத்தாதீங்க. அவுரு இப்பிடியா வாசிப்பாரு? எவனோ படிக்கிற பய ஊதியிருக்கறான்."

அர்த்தநாரி மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். செங்கோடன் அவசரத்தில் பிடுங்கியதில் நாடா சிக்கி இடியாப்பமாக வெளியே வந்தது. குழந்தைகள் அதை எடுத்துப் பந்தக்காலில் சுற்றி அலங்காரம் செய்தன. பழைய தட்டு ஓடியது, எல்லோரும் சாப்பிட்டோம். எனக்குப் பக்கத்து இலையில் அவர் பல் படாமல் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார்.

முதலாளி முடிவு சொன்னார்: ஜனம் கேட்கிற வேகத்தில், மூன்று கட்டையில் வாசித்தால் கேசட். இல்லாவிட்டால் இல்லை. அர்த்தநாரி என்னைப் பார்த்தார். நான் ஆர்வத்தில் வாயை விட்டேன். இப்போதைக்கு அப்படி வாசித்துவிடுங்கள், உங்கள் நிதான வாசிப்பு உள்ள ஸ்பூல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பின்னால் தனிக் கேசட்டாகப் போடலாம் என்றேன். அவர் பல்லை நாக்கால் அசைத்துப் பார்த்துவிட்டுச் சரியென்றார்.

பிறகு ஒரு மாதம் அவர் செய்ததை எந்த வித்வானும் செய்திருக்க மாட்டார். தினமும் செங்கோடன் வீட்டுக்குப் போய், புஷ் மாட்டிய தட்டை ஓடவிட்டு, தன் வாசிப்பைப் பார்த்துத் தானே சாதகம் செய்தார். செங்கோடன் வேறு, "அந்த எடத்துல இன்னுங் கொஞ்சம் வெரசா வரோணுங்க" என்று திருத்தம் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதம் எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது, மெட்ராஸுக்கு எழுதி புது ஸ்பூல் வரவழைப்பது. நான் 'சுழற்சி வேகமும் இசையும்' என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அமாவாசை வந்தது, தறிகள் நின்றன, ஸ்பூல் வரவில்லை. கம்பெனியில் இருந்தது அவருடைய நிதான வாசிப்பு உள்ள அந்த ஒன்றுதான். அவர் பல் ஒரு நூலில் நிற்கிறது, அடுத்த அமாவாசைக்குத் தாங்காது. முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். நான் ஸ்பூலை முதலுக்குச் சுற்றி, அதன் மேலேயே பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"இது வேற ஸ்பூல்தான சாமி?" என்று அர்த்தநாரி கேட்டார்.

"வேறதானுங்க."

பத்து நாளில் பல் விழுந்தது. கேசட் சக்கைப்போடு போட்டது. இதுதானய்யா அர்த்தநாரி, கிழவனாகியும் வேகம் குறையவில்லை பார் என்று மாமன்மார்கள் சொன்னார்கள். அவருக்கு ஊர் ஊராக மாலை போட்டார்கள். வாசிக்கச் சொல்லி அல்ல, மாலை மட்டும். என் கட்டுரை திரும்பி வந்தது.

நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஊருக்கு வரும்போது பஸ் நிலையத்தில் இரண்டொரு முறை அவரைப் பார்த்தேன். தனிக் கேசட் எப்போது என்று முதல் முறை கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று நான் ஏறிக்கொண்டேன். அடுத்த முறை கேட்கவில்லை. பொக்கை வாயோடு பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "என்ற வாசிப்பு இந்தத் தம்பிகிட்டத்தான் இருக்குது. போடாட்டிப் போவுது, இருக்குதல்ல."

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. செங்கோடனும் இல்லை, முதலாளியும் இல்லை, பின்னறை இப்போது சேலைக் கடைக்கு வண்டி நிறுத்துகிற இடம். அன்றைக்கு அந்தப் பின்னறையில் உட்கார்ந்து அந்த நிதானத்தைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன். சில நாள் கண்ணை மூடி அந்த ஆனந்தபைரவியை ஞாபகத்தில் கொண்டுவரப் பார்ப்பேன். சேலைக் கட்டு வருகிறது, கஞ்சி வாசனை வருகிறது, அவர் மூச்சு எடுப்பதுகூட வருகிறது. வாசிப்பு மட்டும் மூன்று கட்டையில், ஓட்டமாகத்தான் வருகிறது.