சிவப்புத் துணியை அவிழ்த்தவன்

எங்கள் எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்த தேயிலை வரிசையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டுவோம். மருந்தின் வேகம் தணிகிறவரை கத்தரியால் தேயிலை வெட்டுகிற யாரும் அதற்குள் போகக் கூடாது. அட்டையில் எழுதி வைத்தால் யார் படிப்பது? வெட்டுகிறவர்களில் நேபாளத்துக்காரர், பங்களாதேஷ்காரர், இந்தோனேசியாக்காரர் எல்லோரும் உண்டு. துணி அத்தனை பேருக்கும் புரியும். மருந்து அடிக்கும் ஆட்களுக்கு நான்தான் கங்காணி. கட்டுவதும் நான், அவிழ்ப்பதும் நான். வேறு எவனாவது அதில் கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

போன வருஷம் பல நாட்டு அதிகாரிகள் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். தேயிலை விளைகிற நாடுகள் மருந்து விஷயத்தில் ஆளுக்கொரு சட்டம் வைத்திருக்கின்றன, இனி எல்லோருக்கும் பொதுவாக ஒரே விதி எழுத வேண்டுமாம். எழுதுவதற்கு முன் தோட்டத்தை நேரில் பார்க்க எங்கள் எஸ்டேட்டுக்கு வருவதாகச் சேதி வந்தது.

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எஸ்டேட்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். எனக்கும் அந்தப் புத்தி வந்தது. வேன் வந்து நிற்கும் மேட்டுக்கு எதிரிலேயே சிவப்புத் துணி என்று நான் கட்டிய பழைய சேலைக் கிழிசல்கள் தொங்குவது அசிங்கமாகப் பட்டது. யாரும் சொல்லவில்லை. அவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம் நானே போய் அவிழ்த்துச் சுருட்டி ஸ்டோரில் போட்டேன். வெட்டு ஆட்களிடம் காலையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்ட மும்முரத்தில் அது மறந்தே போனது. என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

அதிகாரிகள் மேட்டில் நின்று மானேஜர் துரை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். முந்தின நாள் மருந்து அடித்த வரிசைக்குள் நேபாளத்துக்காரர் ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. கத்தினால் எஸ்டேட் மானம் போகும், என் வேலையும் போகலாம். கத்தாவிட்டால் அந்த மனுஷன் மத்தியானம்வரை அந்த மருந்திலேயே நிற்பார்.

"கெலுவார்! வெளிய வாங்க!" என்று மலாயிலும் தமிழிலும் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினேன். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கைவரை நானே தேய்த்துக் கழுவினேன்.

அதற்குள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். இலங்கையிலிருந்து வந்த அதிகாரி அம்மாவுக்குத் தமிழ் தெரியும். "என்ன நடந்தது? நீங்களே சொல்லுங்க," என்றார்.

துரை என்னையே பார்த்தார். ஆள் வழி தவறிப் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"இங்க துணி கட்டியிருந்திச்சுங்க. துணி இருந்தா இவரு காலே வைக்க மாட்டாரு. நீங்க வர்றீங்கன்னு அழகுக்கு நான்தான் கழட்டுனேன். தப்பு என் மேல லா."

அந்த அம்மா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கென்யாக்காரர் ஒருவர் துணியை எடுத்துவந்து கட்டிக் காட்டச் சொன்னார். கட்டினேன். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நேபாளத்துக்காரரைக் கிளினிக்கில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். "மருந்துல ஒண்ணும் ஆவல. நீங்க தேய்ச்சதுலதான் தோல் போச்சு கங்காணி," என்று அவர் மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சில மாதம் கழித்து துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். எல்லா நாடும் சேர்ந்து எழுதிய விதியின் நகல் வந்திருந்தது. வாசித்துத் தமிழில் சொன்னார். மருந்து அடித்த இடத்தில் எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற அடையாளம் இருக்க வேண்டும். விருந்தாளி வருகிறார் என்பதற்காகக்கூட அதை எடுக்கக் கூடாது. ஒரு தோட்டத்தில் பொறுப்பாளரே எடுத்து ஓர் ஆள் உள்ளே போய்விட்டார் என்று கடைசி வரியில் காரணமும் போட்டிருந்தார்கள். எத்தனை நாடு, எத்தனை தோட்டம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கடைசி வரி உங்களுக்கு அவமானமா இருந்தா சொல்லுங்க கங்காணி. எடுக்கச் சொல்லி எழுதுறேன்," என்றார் துரை.

"வேணாம் துரை. அது இருந்தாத்தான் அடுத்தவன் கழட்ட மாட்டான்."