பட்டப்பகலில் ஏற்றிய விளக்கு

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது வேதப்புத்தகத்தை வைத்துத்தான் நடக்கும். அப்பாவுக்குத் திண்டுக்கல் ஸ்டேஷனில், பார்சல் ஆபீசில் ராத்திரி டூட்டி. அக்கா, சித்தையன்கோட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஓர் இந்துப் பையனை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு போய்விட்டாள். “இனி அவ பேச்சை இந்த வீட்ல எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார் அப்பா. அம்மா எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இயேசு சொன்ன உவமைக் கதைகளை எடுத்தாள்.

முதலில் காணாமற்போன ஆடு. டூட்டிக்குக் கிளம்புமுன் நடக்கும் ஜெபத்தில் அம்மா அதை வாசிப்பாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, “தொண்ணூத்தொம்பதைக் காட்டுல விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் போறவன் என்ன மேய்ப்பன்?” என்பார். மறுநாள் அவர் முறை. பிந்தி வந்த கன்னிப்பெண்களுக்குக் கல்யாண வீட்டுக் கதவு திறக்காத கதை. “அடைச்சது அடைச்சதுதான்.” அதற்கு மறுநாள், நடுராத்திரியில் விடாமல் தட்டி, அடைத்த கதவைத் திறக்கவைத்து அப்பம் வாங்கிப்போன சிநேகிதன் அம்மா வாயில் வருவான். எனக்கோ எப்போது ஆமென் சொல்வார்கள், எப்போது சோறு போடுவார்கள் என்றிருக்கும்.

ஒருநாள் வெற்றிலை விற்க வந்தவள் சேதி சொன்னாள். “ஒங்க மூத்தவளுக்கு ஏழு மாசம்மா. வயித்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக் கொடம் சொமக்குது.” தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? இங்கிருந்து ஆள் போய்க் கூட்டிவராவிட்டால், நாதியற்றவள் என்று அந்த ஊரே அக்காவைப் பேசும். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நேரா கேட்டுத் தொலைய வேண்டியதுதானேம்மா? எதுக்கு இந்தக் கதையெல்லாம்?”

“நேரா கேட்டா முடியாதும்பாரு. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு. கதைக்கு எப்பிடிடி முடியாதுன்னு சொல்லுவாரு? அது பாட்டுக்கு உள்ள கெடந்து கொடையும். இந்த மனுசங்களுக்கு நேரா சொன்னா ஏறாதுன்னுதான் இயேசுசாமியே கதையாச் சொன்னாரு.”

“நல்லாச் சொன்னாரு, போ!” என்றேன். இருந்தாலும் அப்பா பகலில் சரியாகத் தூங்குவதில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் கிணற்றுக்குள் முங்கிக் கண் திறந்து பார்ப்பது போலிருக்கிறது. அப்பா தூங்குவதற்காக ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். வீடு பச்சையாக இருண்டு கிடக்கும். எங்கோ கூட்ஸ் வண்டி ஊதும். சிறுமலைக் காற்று ஓட்டு இடுக்கில் நுழைந்து எதையோ சொல்லிவிட்டுப் போகும். நான் பாயில் தூங்கியும் தூங்காமலும் கிடப்பேன்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம், அம்மா சிம்னி விளக்கை ஏற்றினாள். ஒரு கையில் விளக்கு, மறு கையில் விளக்குமாறு. மூலை மூலையாகக் குனிந்து பெருக்கினாள். டிரங்குப் பெட்டியை நகர்த்தினாள், குதிருக்குப் பின்னால் வெளிச்சம் காட்டினாள். தூசி பொன்னாக எழும்பி மிதந்தது. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள், விளக்கேற்றி வீடெல்லாம் பெருக்கித் தேடிய கதை. இந்த முறை அம்மா வாயைக்கூடத் திறக்கவில்லை. அவள் பெருக்கப் பெருக்க, அக்காவே ஏதோ ஒரு மூலையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

கட்டில் முனகியது. அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். போச்சு, இன்றைக்கு விளக்கு உடையப்போகிறது என்று நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. அம்மா கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் காட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவளுக்குப் பத்து இருந்துச்சுடி” என்றார். “ஒண்ணு போனாலும் ஒம்பது மிச்சம். நமக்கு இருந்ததே ரெண்டு.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சித்தையன்கோட்டைக்கு பஸ் எப்ப?”

எனக்குத் தெரியவில்லை. அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“மூணு மணிக்கு. ஓடுங்க, செத்த நேரம் நின்னாலும் விட்டுருவீங்க.”