இஸ்திரி வண்டியை முன்னேற்ற வந்தவர்கள்

இஸ்திரி போடுகிறவனுக்குச் சூடு பழகிவிடும். உதவி செய்ய வருகிற காலேஜ் பிள்ளைகள்தான் எத்தனை வருஷமானாலும் பழகுவதில்லை.

பிளாட்பாரத்தில் வண்டி போட்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளநீர் வண்டியோ, பூக்கடையோ, பஞ்சர் கடையோ, ஒரு தடவையாவது மாட்டியிருப்பீர்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு நான்கைந்து பேர் தெருமுனையில் நின்று நம்மையே பார்ப்பார்கள். அவர்களுக்குச் சமூகப் பணி என்று ஒரு பாடம் உண்டு. மார்க் வாங்க வேண்டுமென்றால் அந்தப் பேட்டையில் வறுமையைக் கொஞ்சமாவது குறைத்துக் காட்ட வேண்டுமாம். குறைப்பதற்கு முதலில் வறுமை வேண்டும். அதைத் தேடித்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வண்டிக்கு வருகிறார்கள்.

நல்ல பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயம் வேறு. என் ஒரே மகள் தர்ஷினி இந்த வருஷம்தான் அடையாறு பக்கம் ஒரு காலேஜில் பி.காம். சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கூடப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் காரில் வந்து இறங்குகிறார்கள் என்று அவளே ஒரு நாள் சொன்னாள். அப்பா தெருவில் இஸ்திரி போடுகிறார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாளா இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. தெரியாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், என்னால் அவள் தலை குனியக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை.

ஏதாவது ஒண்ணு இல்லைன்னு சொல்லுங்க

முதலில் வந்தது வேறொரு காலேஜ், நான்கு பேர். தலைவன் ஆதித்யா, கோபாலபுரத்துப் பையன். கையில் போன், போனுக்குள் கேள்விகள். "அண்ணா, வீட்ல கேஸ் இருக்கா?" என்றான். இருக்கு என்றேன். டிவி? இருக்கு. ஃப்ரிட்ஜ்? அதுவும் இருக்கு, போன வருஷம்தான் வாங்கினோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவன் முகம் வாடிக்கொண்டே போனது. பத்தாவது கேள்வியில் தாங்க முடியாமல், "ஏதாவது ஒண்ணு இல்லைன்னு சொல்லுங்கண்ணா" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டான்.

எனக்கே பாவமாகிவிட்டது. இல்லாததை யோசித்து எடுப்பது இவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொந்த வீடு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. கடைசியில், "ஏசி இல்லை தம்பி" என்றேன். அதை அவன் எழுதிக்கொள்ளவில்லை. அப்படியானால் நான் ஏழையா, இல்லையா? அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தையல் கடையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கரீம் பாய் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னா பாஸ்கரு, புள்ளைங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீது, ஒரு கஷ்டத்தையாவது குடுத்து அனுப்பக்கூடாதா?"

வழி தெரிந்த வேட்டி

ஆனாலும் விடவில்லை. அடுத்த வாரமே துணிகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஒரு நம்பர், போனில் ஒரு கணக்கு. துணி மாறவே மாறாதாம். என்னிடம் இதுவரை துணி மாறியதில்லை. பாக்கெட்டில் மைக்கறை இருந்தால் இரண்டாவது மாடி, காலரில் விபூதி இருந்தால் எதிர்வீடு, இப்படித்தான் எனக்கு அடையாளம். அதைச் சொன்னேன். "இது உங்க காலத்துக்கு அப்புறமும் இருக்கும்ணா" என்றான் ஆதித்யா. அவன் என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று யோசித்துக்கொண்டே, ஸ்டிக்கர் ஒட்டிய வேட்டிமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன்.

பசை உருகி, பதினான்கு என்ற நம்பர் வேட்டியோடு ஐக்கியமாகிவிட்டது. அது எதிர்வீட்டு மாமாவின் மயில்கண் வேட்டி. மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம் எதற்கும் அசையவில்லை. கையில் வாங்கிப் பார்த்த மாமி கோபப்படவே இல்லை; அதுதான் என்னை அதிகமாக வதைத்தது. "ஏன் பாஸ்கர், பத்தொம்பது வருஷமா எங்காத்துத் துணி சரியா ஆத்துக்கு வந்துண்டிருக்கு. இப்போ என்ன, அதுக்கு வழி மறந்துபோச்சா?"

பாதிக் கை

ஒரு மத்தியானம் ஷேர் ஆட்டோ ஒன்று எங்கள் தெரு வழியாகப் போனது. உள்ளே தர்ஷினி, கூட மூன்று பெண்கள், ஒரே சிரிப்பு. கை தானாக மேலே போய்விட்டது. பாதியில் ஞாபகம் வந்து, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் இறக்கிக்கொண்டேன். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் போனாளா, பார்க்கவே இல்லையா, இன்றுவரை புரியவில்லை.

பார்த்தவர் கரீம் பாய்தான். "தூக்குனா முழுசா தூக்கு, இல்லாங்காட்டி தூக்காத நைனா. பாதில நிறுத்தினா ஆட்டோக்காரன் சவாரின்னு நெனச்சிக்குவான்."

முன்பும் பின்பும்

ஆதித்யா குழு என் வண்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, புதுக் குடை நட்டு, பெயர்ப்பலகையும் மாட்டியது. வண்டி அழகாகத்தான் ஆனது. எல்லாம் முடிந்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது, ‘முன்பு’ எப்படி இருந்தது என்று போட்டோ எடுக்கவே இல்லை. அதனால் குடையைப் பிடுங்கினார்கள், பலகையைக் கழற்றினார்கள், பச்சை தெரியாமல் பழைய சாக்கைப் போர்த்தினார்கள், என்னைப் பழைய கசங்கிய சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இஸ்திரிக்காரனிடம் கசங்கிய சட்டை எங்கிருந்து வரும்? கொஞ்சம் முன்னால்தான் இஸ்திரி போட்டு வைத்திருந்த என் சட்டையை ஒரு பெண் எடுத்து, கையாலேயே கசக்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது உண்மையாகவே அவமானமாக இருந்தது.

போட்டோ எங்கே போகும் என்று கேட்டேன். எல்லாக் காலேஜுக்கும் போட்டி நடக்கிறதாம், அங்கே பெரிதாக மாட்டுவார்களாம். எல்லாக் காலேஜ் என்றால் தர்ஷினி காலேஜும்தான். அப்படியே திரும்பி, மரத்தைப் பார்த்து நின்றுகொண்டேன். எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. ஆதித்யா பெருந்தன்மையாகச் சொன்னான்: "முகம் தெரியலைன்னா பரவாயில்லண்ணா, வறுமை தெரிஞ்சா போதும்."

குடும்ப விவரம்

போன மாதம் இன்னொரு குழு வந்தது. ஐந்து பெண்கள். நான் பெட்டியில் கரியை விசிறிக்கொண்டே, அடையாள அட்டையில் இருந்த நீல நாடாவைப் பார்த்தேன். அது என் மகள் காலேஜ் நாடா. தலையைத் தூக்கினால், நான்கு பேருக்குப் பின்னால் ஐந்தாவதாகத் தர்ஷினி.

அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்கிறதா, பேசு என்கிறதா, ஒன்றும் படிக்க முடியவில்லை. தெருவை அவளே காட்டினாளா, வந்து மாட்டிக்கொண்டாளா, அதுவும் தெரியவில்லை. முன்னால் நின்ற பெண் போனைத் தட்டிக்கொண்டே கேட்டாள். பேர்? சொன்னேன். எத்தனை வருஷமா இங்கே? சொன்னேன். "பசங்க எத்தனை பேர் அங்கிள்?"

"பிள்ளைங்க இல்லைம்மா" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. பதினெட்டு வருஷம் தூக்கி வளர்த்தவளை, அவள் எதிரிலேயே இல்லை என்றுவிட்டேன். பெட்டி கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் "சாரி அங்கிள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பூஜ்யத்தைத் தட்டப் போனாள். பின்னால் நின்றவள் மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போடாதடி, பொய் சொல்றாரு. ஒரே பொண்ணு, பேரு தர்ஷினி, பி.காம். ஃபர்ஸ்ட் இயர். இதோ உன் பக்கத்துலதான் நின்னுகினு கீறேன்."

நான் ஏழையா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. எனக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்ற விசாரணைதான் எங்கள் வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.