டெரிகாட்டன் பாவம்

பிள்ளைப்பாக்கத்து ஏசடியான் வேதத்தில் ஒரு வரியையும் சும்மா விட்டதில்லை. ஒரே நிலத்தில் இருவகை விதை கூடாதென்று அதில் இருந்தது. ஊரே வேர்க்கடலைக்கு நடுவே துவரை போட, அவர் கடலை மட்டும் போட்டு, பாதி விளைச்சலோடு பரிசுத்தமாக வாழ்ந்தார். இருவகை நூல் கலந்த துணியும் ஆகாது. ஆகவே 1991-ல் ஊரெல்லாம் டெரிகாட்டனில் மினுமினுத்தபோது, அவர் கசங்கிய பருத்திச் சட்டையில் பரலோகத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

தாயில்லாத ஒரே மகள் ஷாரோனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சீருடை டெரிகாட்டன்.

“அத்த மாட்டிகினு இந்த வாசப்படி ஏறாத,” என்றார்.

“ஷிப்ட் நேரத்துக்கு மட்டுந்தாம்பா.”

“பாவத்துக்கு ஷிப்ட் கெடயாது.”

அவள் குன்றத்தூரில் தோழிகளோடு தங்கிவிட்டாள். சபைப் போதகரான ஐயர் சமாதானம் பேச வந்தார். “அதெல்லாம் பழைய சட்டம்பா. இப்போ நாம கிருபைக்குள்ள இருக்கோம்.”

“பத்துல ஒண்ணு காணிக்கையும் அதே பழைய சட்டந்தானே, ஐயரே? அத்த மட்டும் எப்டி கேக்குறீங்கோ?”

ஐயர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் ஷாரோன் சீருடையோடு வந்து வேலியோரம் நின்றாள்.

“பஸ் வர நேரம் இருக்குப்பா. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஏசடியான் வேலிப்பக்கம் இரண்டடி வைத்தார். ஆனாலும் அவளை உள்ளே விட ஒரு வசனம் வேண்டுமே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதத்தை அவசரமாகப் புரட்டினார். திரும்பி வந்த பிள்ளையை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட ஒரு தகப்பன் அகப்பட்டான். ஆனால் அது உவமை, சட்டமில்லை. அதிலும் வந்தவன் மகன், மகளில்லை. கட்டளையாக ஏதும் இருக்குமா என்று மேலும் தேடினார்.

நிமிர்ந்தபோது வேலியோரம் யாருமில்லை. எந்தச் சட்டமும் சொல்லாமலேயே, செருப்புகூட இல்லாமல் ரோடுவரை ஓடினார். பஸ் போயிருந்தது.