சர்வாதிகாரிக்கு 'வாங்க' சொன்ன ஆச்சிகள்

எனக்கு எட்டு வயது இருக்கும்போது பக்கத்துப் பெரிய வீட்டைச் சினிமாக்காரர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள். நூறு வருஷம் கழித்து நடக்கிற கதையாம். நாட்டை ஒரு சர்வாதிகாரி ஆள்வான், வாயைத் திறந்தவனைச் சுட்டுத் தள்ளுவான், கடைசியில் கதாநாயகன் மாடியிலிருந்து குதித்து அத்தனை பேரையும் பந்தாடுவான். சர்வாதிகாரியின் மாளிகைக்கு எங்கள் ஊர்த் தேக்குத் தூண்கள் அமைந்துவிட்டன. அடிமை ஜனங்களுக்கு எங்கள் ஊர் ஆச்சிகள்!

அம்மாவும் நானும்கூட அதில் நின்றோம். படத்தில் வரப்போகிறோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டிருந்தேன். அதனால் காட்சி நல்லபடியாக முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாம்பல் நிறச் சட்டை வேறு உடம்பெல்லாம் அரித்தது.

அப்பச்சி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா டிவியை அணைத்துவிட்டு என்னை அடுப்படிக்குள் தள்ளிவிடுவாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காட்சி இவ்வளவுதான். சர்வாதிகாரி நிலைவாசலைத் தாண்டி உள்ளே வருவான், முற்றத்தைச் சுற்றி நிற்கும் நாங்கள் மூச்சு விடக் கூடாது. வந்தான். "வாங்க" என்றார் ஒரு ஆச்சி. அவர் வாங்க என்று கேட்டுவிட்டால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? "வாங்க, வாங்க" என்று வரிசையாகக் கிளம்பிவிட்டது.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ ஆச்சி! அவன் உங்களைக் கொல்ல வர்றான்!"

"அதுக்காக? வீட்டுக்குள்ள வந்தவுகள வாங்கன்னு கேக்காட்டி நாளைக்கு நம்மளத்தானே தம்பி குத்தம் சொல்லுவாக?"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வாங்க. இன்னொரு தடவை கெடுத்தால் எல்லாரையும் அனுப்பிவிட்டு மதுரையிலிருந்து ஆள் இறக்குவேன் என்று இயக்குநர் கத்தினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆச்சிகள் வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்காதா!

அப்போதுதான் இயக்குநர் கண்ணில் அம்மா பட்டாள். இரண்டு தடவையும் வாய் திறக்காதவள் அவள் ஒருத்திதான். எங்கள் இருவரையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

பூட்ஸ் சத்தம் வந்தது. அம்மா தலையைத் தூக்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். அவளைப் பார்த்து ஆச்சிகளும் அடங்கிப்போனார்கள்.

"பிரமாதம்!" என்று கத்தினார் இயக்குநர். கூட்டமே கைதட்டியது. "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதை?"

அப்பச்சிதான் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு நடிக்கல்லாம் வராதுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே மெச்சுகிறது, இவருக்கு மட்டும் என்ன பொறாமை! வாய் கூசாமல் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று வீடு வரைக்கும் அவரை முறைத்துக்கொண்டே போனேன்.

அவர் சொன்னது பொய்யில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.