நீக்கச் சொன்ன இரண்டு பக்கங்கள்

க்ளோடெட் மொரான் என் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது, எனக்கு இருபத்தெட்டு. அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். மதியம் வேலை முடிந்ததும் நேரே வருவாள். தலைமுடியில் வலைத்தொப்பியின் தடம் அப்படியே இருக்கும்.

அந்தப் பருவத்தில் முதல் பாதி சொல்வன்மை, மறுபாதி வெள்ளையர் முதலில் இங்கே குடியேறிய காலத்துக் கவிதை. எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன்: பேசுவது யார், யாரிடம், எதற்காக?

நவம்பரில் ஒரு கவிதை கொடுத்தேன். மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒரு தாய் தேவாலயத்தில் சபையார் முன் வாசிக்க எழுதியது, அவள் பெயர் தெரியவில்லை. வரிக்கு வரி கடவுளுக்கு நன்றிதான்.

"பெத்தது மூணும் போச்சு, இந்தம்மா தேங்க்ஸ் சொல்லிட்டிருக்கு. கல்நெஞ்சு" என்றாள் கேய்லா என்ற பெண். வகுப்பு சிரித்தது.

க்ளோடெட் அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. "யார் கேட்டுட்டிருக்காங்கன்னு பாரும்மா. சபையே எதிர்ல உக்காந்திருக்கு. அங்க வேற என்னத்தைச் சொல்லுவா?" என்றாள்.

அந்தக் கவிதையைப் பற்றியே கட்டுரையும் எழுதினாள். ஆறு பக்கம். நடுவில் இரண்டு பக்கம் அவள் மகள் ரெனேயைப் பற்றியது. பத்தொன்பது வயது, நான்கு வருடத்துக்கு முன் பிப்ரவரியில் சாலையில் உறைந்திருந்த பனியில் கார் சறுக்கி இறந்துபோனவள். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் வரிசையாக வந்தவர்களுக்கெல்லாம் 'வந்ததுக்கு ரொம்ப நன்றி' என்று சொல்லிக்கொண்டே காப்பி ஊற்றிக் கொடுத்ததாக எழுதியிருந்தாள். 'யாராவது ஒருவர் என் கையிலிருந்து அந்தக் காப்பிக் கெண்டியை வாங்கியிருந்தால் கத்தியிருப்பேன்' என்று ஒரு வரி.

நான் தொண்ணூறு கட்டுரை திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'சொந்தக் கதை வேண்டாம். சான்று கவிதையிலிருந்தே வரவேண்டும். நீக்கவும்.' ஒரு ஆறுதல் வார்த்தைகூட எழுதவில்லை.

மறுநாள் என் அறைக்கு வந்தாள்.

"இந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துட்டாப் போதுமா, சார்?"

"போதும். மத்ததெல்லாம் நல்லாவே இருக்கு."

எடுத்துவிட்டாள். முதல் தரம் போட்டேன். வகுப்பிலேயே அதுதான் சிறந்த கட்டுரை.

அடுத்த பருவத்துக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அது என்னை உறுத்தியது. பிறகு அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வரல? எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"அய்யோ, நீங்க சொன்னது சரிதான் சார். அது பாடத்துல வராததுதானே." துணியை மடித்து மறுபக்கம் திருப்பினாள். "ஆனா ரெனே போனதைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதில்ல. வீட்டுக்காரர்கிட்டகூட இல்ல. எழுதினது அந்த ஒரு தடவைதான்."

"அந்தப் பக்கங்க இருக்கா? எனக்குத் தர முடியுமா?"

"நீக்கச் சொன்னீங்களே. கிழிச்சுட்டேன்."

"மறுபடி எழுதலாமே, க்ளோடெட். மார்க்குக்காக இல்ல."

"உக்காந்து பாத்தேன் சார். முதல் வரியே வரல."

தப்பு என்னுடையதுதான் என்று ஒருவழியாகச் சொன்னேன். "விடுங்க. உங்களுக்குச் சின்ன வயசு" என்றாள். அதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்தார்கள். அவள் வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு கரண்டியை எடுத்தாள்.

அவள் திரும்பப் படிக்க வரவேயில்லை. இன்று ஒரு கட்டுரையில் யாராவது தன் வீட்டில் நடந்த சாவைப் பற்றி எழுதியிருந்தால், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு முழுதும் படிக்கிறேன். க்ளோடெட்டுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.